மணல் மூடுவதற்குள்

ஜார்ஜ்டவுனில் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஏறி ஊரைச் சுற்றுவார்கள். ஜெயித்தவர் முன்பக்கம் பார்த்து உட்காருவார், தோற்றவர் பின்பக்கம் பார்த்து. கடைசியில் நீதிமன்றத்து வாசலில், லூயிஸ் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மணலில், பகை தீர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரு கைக்கோடாலியைப் புதைப்பார்கள். மணல் மூடிவிட்டால் தேர்தல் சமயத்தில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று எவரும் வாய் திறக்கக் கூடாது. சசெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தவர் எவரும் இதை மீறமாட்டார்.

ஆல்டன் ரிக்கர்ட்ஸைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் கடைசி விதிதான்.

தோற்றதில் அவருக்கு வருத்தம் இல்லை. மாவட்டக் கவுன்சில் நாற்காலி போனால் போகட்டும், கோழிப்பண்ணை இருக்கிறது. ஆனால் ஜெயித்த லவினியா டனலிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, அதே சபையில் பாடுகிறவள், அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவள். மணல் மூடுவதற்குள் கேட்கவில்லை என்றால் ஆயுசுக்கும் கேட்க முடியாது.

பிரசார சமயத்தில் தீயணைப்பு நிலையத்து விருந்தில் அவர் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்ததால் வந்த வினை இது. "லவினியா அக்கா செய்யுற டம்ப்ளிங் கால்வாய்க்கு வடக்க செய்யுற மாதிரி புஸ்ஸுன்னு உப்பிக்கிட்டு இருக்கும்!" என்று சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. லவினியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கிற கால்வாய்க்குத் தெற்கே, இந்த ஊர்ப் பக்கம் பிறந்த ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். டம்ப்ளிங் என்றால் தட்டையாகத் தேய்த்த மாவு, கோழிச்சாற்றில் வெந்து, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அது உப்பினால் குடும்ப மானம் போயிற்று. அதுவும் அது பச்சைப் பொய். ஆல்டனின் மனைவி ஒனைடா நோயில் படுத்த கடைசி நாட்களில் வேறு எதையும் விழுங்கவில்லை. லவினியா தினமும் வேலி தாண்டிக் கொண்டுவந்த அந்த டம்ப்ளிங் மட்டும்தான் உள்ளே போனது. இது ஆல்டனுக்குத் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்.

மன்னிப்புக் கேட்க ஒருமுறை அவள் வீட்டுப் படியேறினார். கதவு திறந்ததும் "ஏணி இருக்குமா?" என்று கேட்டு, தேவையில்லாத ஏணி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பினார்.

"வணக்கம், திரு ரிக்கர்ட்ஸ் அவர்களே" என்றாள் லவினியா இன்று, வண்டியில் ஏறியதும். நாற்பது வருஷமாக "டேய் ஆல்டன்" என்று கூப்பிட்ட வாய்.

முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். வண்டியோட்டி பர்னல் லோஃப்லாண்ட் கடிவாளத்தைச் சொடுக்கினார். ஆல்டன் மனதுக்குள் சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டு ஆரம்பித்தார்.

"அக்கா, அன்னிக்கு விருந்துல..."

பேண்டு வாத்தியம் முழங்கியது.

"அக்கா, நான் சொன்னது..."

பின்னால் வந்த தீயணைப்பு வண்டி ஊளையிட்டது.

ஆல்டன் பொறுமை இழந்து, இருக்கிற மூச்சையெல்லாம் பிடித்து, "என்னை மன்னிச்சிடுங்க!" என்று கத்தினார். தோற்றவர் பின்பக்கம்தானே பார்த்திருக்கிறார்? தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர் சைரனை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"பரவாயில்லண்ணே! எதுக்குன்னு தெரியல, ஆனா மன்னிச்சிட்டேன்!"

"உன்னைச் சொல்லலடா!"

"அப்போ வாபஸா?"

"இல்லப்பா, நீயும் வச்சுக்க!"

லவினியா இரண்டு பக்கமும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது? முதுகையும்தான் அவரால் பார்க்க முடியவில்லையே.

"யோவ் ஆல்டன்" என்றார் பர்னல் திரும்பாமல். "நாட்டோட அரசியல் சட்டத்துல முதல் ஆளா கையெழுத்துப் போட்ட மாநிலம்யா இது. மன்னிப்புக் கேக்க மட்டும் இவ்ளோ நேரமா? இன்னொரு சுத்து போறேன். அதுக்குள்ள முடி."

ஊரை இன்னொரு முறை சுற்றினார்கள். அந்தச் சுற்றில் ஆல்டனுக்கு விக்கல் பிடித்தது. விக்கலோடு மன்னிப்புக் கேட்டால் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டார்.

நீதிமன்றத்து மாடத்திலிருந்து உயரத் தொப்பி போட்ட ஊர் அறிவிப்பாளர் தேர்தல் முடிவுகளை வாசித்து முடித்தார். கீழே மேடையில் இரண்டு கட்சித் தலைவர்களும் கோடாலியைப் பிடித்து மணல் பெட்டிக்கு மேலே நீட்டினார்கள். ஊர் விருந்துக்கு மாட்டிறைச்சி வெந்த வாசனை சதுக்கம் முழுக்க அடித்தது. கோடாலியின் நுனி மணலைத் தொடப்போனது.

ஆல்டன் மேடைக்குப் பாய்ந்து கோடாலியைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஐயோ, என்னய்யா பண்றீங்க!" என்று தலைவர்கள் பதறினார்கள். முன்வரிசைக்காரர்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

"லவினியா அக்கா டம்ப்ளிங்" என்று ஆரம்பித்தார், கோடாலியை உயர்த்திப் பிடித்தபடி, "உப்பலே இல்ல! தட்டை! அதுக்குப் பின்னால பேப்பரை வச்சுப் படிக்கலாம், அவ்ளோ மெலிசு! நான் சொன்னது பொய். கைதட்டலுக்காகச் சொன்னேன். என் ஒனைடா வயித்துக்குப் போன கடைசிச் சாப்பாட்டை நானே கேலி பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடுங்கக்கா."

சொல்லி முடித்ததும் அவருக்கு இன்னொரு விக்கல் வந்தது.

லவினியா பொறுமையாக மேடையேறினாள். முகம் சிவந்திருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும். உன் பண்ணைக் கோழி எல்லாம் மேரிலாண்டுக் கோழின்னு நான் ஊர்ல சொல்லிட்டேன்."

ஆல்டன் திகைத்தார். "மேரிலாண்டா?"

"மேரிலாண்டு."

"எங்க சொன்னீங்க?"

"தபால் ஆபீஸ்ல. மளிகைக் கடையில." குரல் தாழ்ந்தது. "சபையில, ஜெபத்துக்கு முன்னாடி. அதான் வண்டியில உன்கிட்டப் பேச வெக்கமா இருந்துச்சு. கையை ஆட்டி ஆட்டித் தோளே கழண்டு போச்சு."

சசெக்ஸ் பண்ணைக்காரர் ஒருவருக்கு, பக்கத்து மாநிலமான மேரிலாண்டுக் கோழி என்பது சாதாரண வார்த்தை இல்லை. ஆல்டனின் காதுமடல் துடித்தது. கோடாலி கையில் இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கூட்டத்துக்கு அது முதலிலிருந்தே ஞாபகம் இருந்தது. அவர் அதை மெல்லத் தாழ்த்தி, பிடியை அவள் பக்கம் நீட்டினார்.

"பிடிங்கக்கா. ஒத்தக் கையால இது கனக்குது."

"டேய் ஆல்டன்" என்றாள் லவினியா. அவளும் பிடித்துக்கொண்டாள். ஒரு மனிதன் தன் பெயரைக் கேட்டு அழுததை ஜார்ஜ்டவுன் அன்றைக்குத்தான் பார்த்தது.

இரண்டு பேரும் குனிந்தார்கள். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"ஒரு நிமிஷம்! மணலைப் போட்டுடாதீங்க. நானும் என் மச்சானை ஒண்ணு சொல்லிட்டேன்."

அவரை மேடையேற்றினார்கள். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கட்சித் தலைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களும் வரிசையின் வாலில் போய் நின்றார்கள். உயரத் தொப்பிக்காரர் மாடத்திலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து, தன் தங்கையின் குரலைக் கழுதைக் குரல் என்று சொன்னதாக ஒப்புக்கொண்டார். தங்கை கீழேயிருந்து, அது உண்மைதான் என்று கத்தினாள். வரிசை நீதிமன்றத்தைச் சுற்றி வளைந்தது. இறைச்சி வெட்டுகிறவர்கள், சாப்பாடு ஆறிப்போகிறது என்று கூச்சலிட்டார்கள். கூச்சலிட்டவரில் ஒருவரும் கத்தியை வைத்துவிட்டு வரிசைக்கு வந்தார்.

பொழுது சாயும்போது ஒரு கிழவர் கைத்தடியோடு மேடை ஓரம் வந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம்மா. என்னுது போன தேர்தல்ல சொன்னது. அது புதைச்ச விஷயம். சொல்லலாமா, கூடாதா?"

எல்லோரும் லவினியாவைப் பார்த்தார்கள். புதுக் கவுன்சிலர் அவள்தான். கோடாலிப் பிடியைப் பிடித்துப் பிடித்து அவள் கை மரத்திருந்தது. ஆல்டனைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். அவள் நன்றாக யோசித்துவிட்டு, பதவிக்கு வந்து முதல் தீர்ப்பைச் சொன்னாள்.

"கோடாலி இன்னும் வெளியதானே இருக்கு? சொல்லுங்க பெரியவரே."