தோல் வளையம்

விடியுமுன்பே மூடுபனியில் மான்செஸ்டர் இருமத் தொடங்கியிருந்தது. கிடங்கின் நிலவறையில் நாங்கள் ஆறு பேர் துணிக்கட்டுகளை அழுத்துபொறியில் அடுக்கினோம். குளிரில் வெடித்த விரல்களின் ரத்தம் சாக்கில் படிந்தது. அன்று கட்டும் பேல்கள், அதாவது துணிப்பொதிகள், சென்னப்பட்டணத்துக்குக் கப்பலேற வேண்டியவை.

நகராட்சி, தெருவுக்கடியில் குழாய்வழி பேரழுத்தத்தில் அனுப்பும் தண்ணீர்தான் பொறியை உயர்த்தும். நான் வால்வைத் திறந்தால் ஆளுயரத் துணி இடுப்புயரத்துக்கு நசுங்கும். அத்தனை விசையையும் உள்ளே அடக்கி வைத்திருப்பது ஒரு தோல் வளையம். அது நைந்து மூன்று நாளாகச் சீறிக்கொண்டிருந்தது.

"தோல மாத்தணும் முதலாளி. அரைநாள் வேலைதான்," என்றான் எங்களில் பட்டை மாட்டும் ஈனாக்.

கிராப்ட்ரீ கடிகாரத்தைப் பார்த்தார். "கப்பல் உனக்காகக் காத்திருக்குமா? ஒழுகினா சாக்கால தொடை."

நான் வால்வைத் திறந்தேன். அதை இன்றும் மறைக்க மாட்டேன்.

நசுங்கிய கட்டைச் சுற்றி இரும்புப் பட்டையை மாட்ட ஈனாக் குனிந்தான். நைந்த வளையத்திலிருந்து ஊசிபோல ஒரு தண்ணீர்த் தாரை அவன் கையில் பாய்ந்தது. உள்ளங்கையில் கடுகளவு துளை, ரத்தம்கூட வரவில்லை.

"கொசு கடிச்சிருச்சா ராசா?" என்றாள் சாக்குத் தைக்கும் செலீனா. அவனும் சிரித்தான்.

பத்து மணிக்கு அவனால் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியவில்லை. முழங்கைவரை வீங்கிக் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன இருவரும் மதியம் திரும்பினார்கள்.

"தண்ணி தோலுக்குள்ள பாஞ்சு சதையக் கிழிச்சிருச்சாம். கைய எடுக்கணுமாம். எடுத்தாலும் உசுருக்கு உறுதி சொல்லல."

செலீனா ஊசியைக் கீழே வைத்தாள்.

"கையளவு தண்ணிக்கு இவ்வளவு கூத்தா?" கிராப்ட்ரீ படியிறங்கி வந்தார். "ம், வால்வத் திற."

நான் அதை இறுக மூடினேன். "தோல் மாத்தாம தெறக்க மாட்டேன்."

"அப்ப வெளிய போ. பக்கத்துக் கிடங்குல ஆளா இல்ல?"

"எங்க எல்லாரையும் சேத்தே சொல்லுங்க," என்றாள் செலீனா.

அவர் போய் அங்கிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். முன்னால் வந்த ஆம்ப்ரோஸ் நனைந்த தரையைப் பார்த்தான்.

"கை போச்சாமே, யாரு?"

"ஈனாக்."

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றினான். "எங்க பொறியும் ரெண்டு வாரமா இப்படித்தான் சீறுது. நாங்க தொடமாட்டோம்யா."

"போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவங்களும் இத வந்து பாக்கட்டும்," என்றான் ஆம்ப்ரோஸ்.

கிராப்ட்ரீ கதவை அறைந்துவிட்டுப் போனார். பேல்கள்மேல் நாங்கள் நெருங்கி உட்கார்ந்து நால்வருக்கும் இடம் விட்டோம். வெளியே தெருவில் பல பூட்ஸ்களின் சத்தம் நெருங்கியது. போலீசா, எங்களோடு சேர வரும் மற்ற கிடங்கு ஆட்களா, தெரியவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.