உங்க ஆளு

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷமாக அழகம்மாள் வாயில் ‘காத்து’ என்ற சொல் வந்ததே கிடையாது. புருஷன் பெயர் காத்தான். பெயரைச் சொல்வதாவது! அதில் பாதி ஒட்டிக்கொண்டிருந்த பாவத்துக்கு அந்தச் சொல்லையும் சேர்த்தே ஒதுக்கி வைத்துவிட்டாள்.

காத்தானுக்கு இதில் குஷி தாங்காது. ஆடி பிறந்துவிட்டால் வேண்டுமென்றே வந்து நின்று வம்பிழுப்பார்.

“வெளியில என்னமோ விர்ருன்னு அடிக்குதே, என்னா புள்ள அது?”

“ம்... உங்க ஆளு!”

அவர் சிரிக்கிற சிரிப்பு அடுத்த வீட்டு இருதயமேரிக்குக் கேட்கும்.

நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்த கொல்லர் அவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் போன தையிலிருந்து பட்டறையில் காலைச் சங்கு ஊதினால் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். சாப்பிட்ட கை காய்வதற்குள் சோறு கேட்கிறார். சில நாள் அழகம்மாளையே, “தாயி, நீ யாரு வீட்டுப் பொண்ணு?” என்கிறார். எரிச்சலாகத்தான் வரும் அவளுக்கு. அப்புறம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு போடுவாள்.

டாக்டர் நல்ல மனுஷன். உட்கார வைத்துச் சொன்னார்.

“இது கிறுக்கு இல்லம்மா. வயசுல சிலருக்கு மூளை தேஞ்சு போகும். நேத்து நடந்தது முதல்ல போகும், பழசு கொஞ்ச நாள் நிக்கும். அவர்கிட்ட வாதாடாதீங்க. அவர் சொல்றதுக்கு ஆமான்னு போங்க. எங்கயாவது கிளம்பிட்டா பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. பேரு அவ்வளவு சீக்கிரம் மறக்காது.”

“நானா?” அழகம்மாள் பதறிப்போனாள்.

“நான் கூப்பிடுறேன் அக்கா, விடுங்க,” என்றாள் கூட வந்திருந்த இருதயமேரி. அன்றிலிருந்து அவள்தான் வேலிக்கு மேல் எட்டி, “காத்தான் அண்ணே!” என்று கத்தித் திருப்பிக் கொண்டுவருவாள்.

ஆடி முதல் வாரம் மகள் பிரசவத்துக்கென்று இருதயமேரி மணப்பாறைக்குப் போனாள். மறுநாள் காலை சங்கு ஊதியது. அடுப்பிலிருந்து அழகம்மாள் திரும்பிப் பார்த்தால் கட்டில் காலி.

ஓடினாள். சைக்கிளும் நடையுமாக ஜனம் போய்க்கொண்டிருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தும் காத்தான் பாட்டுக்குக் குனிந்து உள்ளே நுழைந்து, தண்டவாளத்தைப் பார்த்து நடந்தார். அதில் ஒரு ஷண்டிங் எஞ்சின் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

“ஏங்க! இந்தாங்க!”

நாலைந்து ஆம்பளைகள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

“ஏங்க!”

தண்டவாளத்துக்கு இன்னும் பத்தடிதான். ஐயோ, நான் பாவியாகிப் போனாலும் போகட்டும்.

“காத்தான்! ஏ காத்தான்!”

அவர் நின்றார். திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தடதடவென்று கடந்து போயிற்று.

அழகம்மாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்து வந்தாள். அவரோ கையை உதறினார்.

“யாரு தாயி நீ?”

“உங்க சம்சாரங்க.”

“அடப் போ! எஞ் சம்சாரம் உசுரு போனாலும் எம் பேரைச் சொல்ல மாட்டா. அவ எப்பேர்ப்பட்டவ தெரியுமா?”

அவரைப் பிழைக்க வைத்த வாயாலேயே அழகம்மாள் அவருக்கு அந்நியமாகிவிட்டாளே! வா என்றால் வரமாட்டேன் என்று வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த வண்டி எப்போது வருமோ.

குப்பென்று புழுதி கிளம்பியது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“என்னமோ விர்ருன்னு அடிக்குதே, என்னா இது?”

“எல்லாம் உங்க ஆளுதான்,” என்றாள் அவள், அழுகையோடு, பழக்க தோஷத்தில்.

காத்தான் கண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அழகு! நீ எப்ப வந்தே? இங்க எவளோ ஒருத்தி நடுரோட்டுல எம் பேரைச் சொல்லிக் கத்துறா புள்ள. மட்டு மருவாதி தெரியாதவ. நீ பார்த்தியா?”

“நான் பார்க்கலீங்க,” என்றாள் அழகம்மாள். “வாங்க, வீட்டுக்குப் போவோம்.”