டெபோராவின் கதவு எண்

காலை பத்து மணிக்கு மிருதுளா அந்த லாக் ஃபைலைத் திறந்தது வேறொரு கோளாறைத் தேடித்தான். நாவலூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், ஊழியர்களை ஏற்றிவரும் வண்டிகளுக்கு வழி சொல்லும் லைப்ரரியை, அதாவது புரோகிராம் தொகுப்பை, எழுதியவள் அவள். அந்த லைப்ரரி செய்வதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் ஃபைல் அது. வண்டி எண்ணும் நேரமும் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் கிடந்தன.

மூன்று நாள் முன்பு ஒரு பிழையைப் பிடிக்க, லாகிங்கை, அந்தக் குறிப்பெழுதும் வேலையை, எல்லாவற்றையும் எழுதும்படி திறந்துவிட்டிருந்தாள். திருப்பி மாற்றாமலே லைப்ரரியை வெளியிட்டுவிட்டாள். ஃபைலோ தினமும் வண்டிகளை ஓட்டும் நான்கு டிராவல்ஸுக்குப் போகிறது.

டெபோராவின் பெயரும் இருந்தது. பெரும்பாக்கம், மூன்றாவது மாடி, கதவு எண் உட்பட.

பக்கத்து டீம் டெபோரா, அடித்து நொறுக்கிய புருஷனிடமிருந்து மகளோடு தப்பி வந்தவள். புது வீடு எங்கே என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை. புருஷன் ஜெபகுமார் அந்த நான்கு டிராவல்ஸில் ஒன்றில் சூப்பர்வைசர்.

இரண்டு முறை அழைத்தும் டெபோரா எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் மிரு, வொர்க் ஃப்ரம் ஹோம். இரு, யாரோ பெல் அடிக்கறாங்க."

"தொறக்காதீங்க! கதவு லென்ஸ்ல பாருங்க!"

நடைச் சத்தம் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

"அவர்தான்," டெபோரா கிசுகிசுத்தாள். "எப்படித் தெரிஞ்சுது இவருக்கு?"

கதவு இடிபடுவது போனிலேயே கேட்டது. மிருதுளா மேனேஜர் சாம்பசிவத்திடம் ஓடினாள்.

"சார், போலீஸுக்குப் போடுங்க, பெரும்பாக்கம்! நான்தான் சார் அட்ரஸை வெளிய விட்டுட்டேன்."

அவர் போலீஸை அழைக்க, அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு லாகிங்கை அடைத்தாள். விரல் மூன்று தடவை தவறான எழுத்தில் விழுந்தது. அந்தப் பக்கம் குழந்தை அழுதது. "தாழ்ப்பாள் ஆடுது மிரு," என்றாள் டெபோரா. பதினேழு நிமிஷம். அப்புறம்தான் ஆண்குரல்களும் பூட்ஸ் சத்தமும் வந்தன.

ஜெபகுமாரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலைக்குள் ஃபைலிலிருந்த அறுபத்தொரு பேருக்கும் மிருதுளாவே போன் செய்து உண்மையைச் சொன்னாள். லைப்ரரி இனி யாராவது கேட்டாலொழிய ஒரு வரிகூட எழுதாதபடி மாற்றினாள்.

டெபோரா மறுவாரம் வேறு வீடு போனாள்.

"நீ கூப்பிடலைன்னா தொறந்திருப்பேன்," என்றாள். "ஆனா அவருக்கு வழி காட்டினதும் நீதான். ரெண்டையும் என்னால மறக்க முடியாது, மிரு."

மிருதுளா தலையசைத்தாள். வீடு எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.