பெருமாயி மடியில் பியூஸ் கட்டை

நல்லமுத்துவுக்குத் தனியாகத் தின்னத் தெரியாது. காட்டுப்பன்றி ஒன்று அகப்பட்டால் ஐந்து வீட்டுக்கும் பங்கு. பலா ஒன்று பழுத்தால் ஐந்து வீட்டுக்கும் சுளை. மலைமேல் வாழவந்தி நாட்டில் அந்த மேட்டில் இருந்ததே ஐந்து வீடுதான். தங்கமான குணம், யார் இல்லையென்றது? அந்தத் தங்கமான குணம்தான் அன்று சாயங்காலம் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தது.

மலைக்குக் கரண்ட் லைன் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காற்றடித்தால் கரண்ட் போகும், மழை பெய்தால் போகும், இரண்டும் இல்லாவிட்டாலும் போகும். நல்லமுத்து பொறுத்துப் பார்த்தார். சேந்தமங்கலத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ்காரன் கொட்டகையைப் பிரித்தபோது அவனுடைய ஜெனரேட்டரை வாங்கிவிட்டார். லாரியில் ஏற்றி, ரோடு முடிந்த இடத்திலிருந்து நாலு ஆள் கம்பு கட்டித் தூக்கி வந்தார்கள். வாசலில் இறக்கி வைத்துப் பொட்டும் வைத்தாயிற்று. இனி கரண்ட் போக வேண்டியதுதான் பாக்கி.

போயிற்று. அதுவும் மகள் காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பைல் நாட்டுச் சொந்தங்கள் எல்லாம் வந்து இறங்கிய நேரத்தில். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். நல்லமுத்துவுக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

"போனாப் போவுதுங்க! இன்னைக்கு நம்ம கரண்டுதான், அஞ்சு ஊட்டுக்கும்!"

அவருடைய தங்கை பெருமாயி பொழுது சாயும் நேரத்தில்தான் கூடை நிறையக் கிழங்கோடு காட்டிலிருந்து வந்தாள். கரண்ட் எதனால் போனது என்று அவளுக்குத் தெரியும். வரும் வழியில் ஓடைக்கரையில் பலாக்கிளை ஒன்று முறிந்து லைன்மேல் விழுந்து கிடந்தது. லைன்மேன் குழந்தைவேல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

"பொழுது சாஞ்சிருச்சே, காலைல பாத்துக்கக் கூடாதுங்களா?" என்று கீழே நின்று கேட்டாள்.

"நாளைக்கு உங்க ஊட்டுல காதுகுத்துங்களே. இருட்டுலயா குத்துவாங்க?" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டான்.

வழி நெடுக அவளுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வயதில், புருஷன் போய் எட்டு வருஷம் கழித்து, இப்படி ஒரு சிரிப்பு வருமென்று அவளே நினைக்கவில்லை. குழந்தைவேல் இரண்டு தரம் வந்து பெண் கேட்டுவிட்டான். இரண்டு தரமும் அண்ணன் முடியாது என்றுவிட்டார். "கம்பம் ஏறுறவன் என்னைக்காச்சும் ஒரு நாள் விழுவான். என் தங்கச்சி இன்னொரு தரம் தாலியறுக்கறதை என்னால பாக்க முடியாது" என்று சொல்லும்போது அவர் குரலே கம்மிவிட்டது. அப்புறம் அவரோடு எங்கே சண்டை போடுவது?

வீட்டுக்குள் வந்தவள் கூடையை இறக்கவில்லை. ஜெனரேட்டரிலிருந்து வந்த வயரின் நுனியைச் சுவரிலிருந்த பிளக்கில் அண்ணன் செருகிக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்ச் அணைக்காமல் மேலே தூக்கியபடியே இருந்தது.

"அண்ணா, மெயினை அமத்துங்க! இல்லாட்டி நம்ம கரண்டு லைனுக்குப் போயிருமுங்க!"

"போவட்டும்னுதானே உட்டிருக்கேன்? லைன் வழியாத்தானே மத்த நாலு ஊட்டுக்கும் போவோணும்? நாம மட்டும் வெளிச்சத்துல உக்காந்து சோறு திங்கறதா?"

"கம்பத்து மேல ஆளு இருக்குதுங்கண்ணா!"

"அவன் டிரான்ஸ்பார்மரை நிறுத்திட்டுத்தானே ஏறியிருப்பான்? அப்புறம் என்ன பயம்? நான் ஊடுகளுக்குத்தானே கண்ணு அனுப்பறேன், கம்பத்துல இருக்கறவனுக்கா அனுப்பறேன்?"

அடேயப்பா, கரண்ட் என்ன தபாலா, விலாசம் பார்த்துப் போய்ச் சேர? இவரிடம் பேசி ஆகாது. அவர் இஞ்சினைச் சுற்றக் கயிற்றோடு வாசலுக்குப் போன மறுநொடி, பெருமாயி மெயின் பெட்டியைத் திறந்தாள். மீட்டர் மாட்ட வந்த அன்று குழந்தைவேல் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு மறக்கவில்லை: இந்த இரண்டு பீங்கான் பியூஸ் கட்டையையும் பிடுங்கிவிட்டால் வீட்டுக்கும் லைனுக்கும் ஒட்டே கிடையாது. இரண்டையும் பிடுங்கி மடியில் செருகினாள்.

வாசலில் இஞ்சின் உறுமியது. பேச்சே கேட்காத அளவுக்குச் சத்தம். வீட்டில் பல்புகள் பளிச்சென்று எரிந்தன. சொந்தங்கள் கைதட்டினார்கள். நல்லமுத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வருவதற்குள், எதிர்ச் சரிவு வீட்டிலிருந்து சின்னான் குரல் இஞ்சினை மீறிக் கத்தியது: "நல்லமுத்தண்ணா, எங்க ஊட்டுல எரியலீங்களே!"

நல்லமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று. பெட்டியைத் திறந்தார். கட்டை இரண்டும் இல்லை. அதைப் பிடுங்கத் தெரிந்த கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

"எங்கே பெருமாயி? குடு!"

"மாட்டேன்!"

"ஊரு இருட்டுல கெடக்குது, என் மானத்தை வாங்காதே!"

அவர் விடவில்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, கட்டை இருந்த இடத்தில் செருகக் கிளம்பினார். பெருமாயி பெட்டியின்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். ஓடைக்கரையில் கம்பியைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு கைதான் அவள் கண்ணுக்குள் நின்றது. அப்புறம் கோபம் வந்தது. எட்டு வருஷத்துக் கோபம்.

இஞ்சின் சத்தத்துக்கு மேலே அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "அவரு இன்னும் கம்பத்துலதான் இருக்காரு! ஏறினதை நான் பாத்துட்டு வந்தேன்! அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களே அவரைக் கொன்ன மாதிரி! எனக்கு..."

அந்த நொடியில் இஞ்சின் நின்றது. பல்புகள் அணைந்தன. மலையே அமைதியானது. பேச்சு வந்த வேகத்தில் அவளால் வாயை மூட முடியவில்லை.

"...அவருதான் வேணும்!"

ஐந்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஓடைக்கு அப்பாலும் கேட்டிருக்கும். எதிர்ச் சரிவிலிருந்து சின்னான் தாமதிக்கவில்லை: "கட்டி வெய்யுங்கண்ணா!"

வாசல் இருட்டில் மூச்சு வாங்க ஒரு ஆள் நின்றான். இடுப்பில் இன்னும் கயிறு, தலையில் பலாப்பால். இஞ்சின் சத்தம் கேட்டதும் கம்பத்திலிருந்து சறுக்கி இறங்கி, ஓடி வந்து நிறுத்தியவன் குழந்தைவேல்தான்.

"ஊட்டுல எரிஞ்சும் லைனுக்குக் கரண்டு வரலீங்களே, கட்டையைப் புடுங்கினது யாருங்க?" என்று கேட்டான். "எறங்கற வரைக்கும் வெறுங்கம்பி என் கையிலதான் இருந்துச்சுங்க."

நல்லமுத்து கையிலிருந்த துண்டுக் கம்பியைப் பார்த்தார். அதைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி முனியாயி சிம்னி விளக்கை ஏற்றி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பெருமாயியைப் பார்த்து, "ஏனுங்க நாத்தனாரே, சத்தம் பத்துமுங்களா?" என்றாள். பெருமாயிக்குக் காதுவரை சுட்டது.

"லைன்ல இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருக்குதுங்க" என்றான் குழந்தைவேல், யார் முகத்தையும் பாராமல்.

நல்லமுத்து எழுந்தார். தங்கையிடம் கையை நீட்டினார். அவள் தயங்கினாள்.

"குடு கண்ணு. ஊட்டுல வெச்சா என்னாட்டம் எவனாச்சும் எடுத்து மாட்டிப்புடுவான். இது என் மடியில இருக்கட்டும்." இரண்டு கட்டையையும் வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டு டார்ச் லைட்டை எடுத்தார். "நடங்க. நான் அடியில நின்னு வெளிச்சம் காட்டறேன்."

அரைமணி நேரம் கழித்து எதிர்ச் சரிவில் சின்னான் வீட்டில் விளக்கு எரிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, நாலு வீட்டிலும் விளக்கு. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். காதுகுத்து வீடு மட்டும் இருட்டில் கிடந்தது. கட்டைதான் நல்லமுத்து மடியில் ஓடைக்கரையில் நிற்கிறதே! சொந்தங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெருமாயி சிரிக்கவில்லை. வாசலில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரிவில் ஏறி வரும் அண்ணனின் குரல் கேட்டது.

"பெருமாயி! மாப்பிள்ளை பத்திரமா எறங்கிட்டாரு, கண்ணு!"