சம்பந்தி மரம்

குளிர்பெட்டியைத் திறந்து, தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த சிறிய மருந்துக் குப்பியை அவள் எடுத்தபோது, நாத்தனார் அவளுடைய மணிக்கட்டைப் பற்றினாள்.

"இந்த நேரத்துல என்னத்தத் தேடற? ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. பால் இருக்கான்னு பாரு முதல்ல."

"இருக்கு அண்ணி. ஒரு பத்து நிமிஷம் தோட்டத்துக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"தோட்டத்துக்கா?" நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்திய காரணத்தாலேயே அது கூடுதலாகக் கடித்தது. "அப்பா கூடத்துல கிடக்கறாரு. மருமக மரத்தப் பாக்கப் போயிட்டான்னு வர்றவங்க கிட்ட நான் சொல்லணுமா?"

அவள் குப்பியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். மாமனார் அன்று விடியற்காலையில், உறக்கத்திலேயே இறந்திருந்தார். முந்தின நாள் மாலையில் அவர் தோட்டத்து நாற்காலியில் அமர்ந்து, அவள் பூக்களைத் தட்டித் தட்டி மகரந்தத்தை இந்தக் குப்பியில் சேகரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை அளவுக்கு வெளிறிய தூள் இருந்தது. அதன் ஆயுள் ஓர் இரவுதான். இன்று நண்பகலுக்குள் பூவில் சேராவிட்டால் அது வெறும் தூசி.

தோட்டத்தில் இருந்தவை அனைத்தும் சீத்தா இனத்து மரங்களே. ஆயினும் கொல்லைச் சுவரை ஒட்டி நின்ற ஒன்று மட்டும் வேறு எங்கும் இல்லாதது. குளிர்ந்த மலைநிலத்தில் வளரும் உறவுமரம் ஒன்றின் மகரந்தத்தை வரவழைத்து, தம் சீத்தாப் பூவில் தொட்டு, அதில் உண்டான பழத்தின் விதையிலிருந்து மாமனார் அதை வளர்த்தெடுத்திருந்தார். "ரெண்டு குடும்பம் பேசி முடிச்ச சம்பந்தம்" என்று சொல்லி அதற்குச் சம்பந்தி மரம் என்றே பெயரும் வைத்தார். மற்ற மரங்கள் பூத்து ஓய்ந்த பின்னரே அது பூக்கும். பூத்ததும் இந்த ஆண்டுதான் முதன்முறை. வண்டு வரவில்லை, பிஞ்சு ஒன்றும் நிற்கவில்லை.

"இந்தப் பூவுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்று அவர் நேற்றும் சிரித்தார். "காலையில பொண்ணா இருக்கும், சாயங்காலம் மாப்பிள்ளையா மாறிடும். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதே இல்ல. நாமதான் நடுவுல தூது போகணும். நாளைக்குக் காலையில நீ பாத்துக்க."

பார்த்துக்கொள்ள வேண்டியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்த மரம் நின்ற இடத்தில் கார் நிறுத்தக் கொட்டகை போட வேண்டும் என்று அவள் கணவன் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தான். தந்தையோடு நடந்த வாக்குவாதத்தின் முடிவில், "இந்த வருஷம் ஒரு காயாவது காய்க்கட்டும், அப்புறம் நான் வாயே திறக்கல. இல்லன்னா வெட்டிடுவேன்" என்று சொல்லியிருந்தான். மாமனார் ஒப்புக்கொண்டார். இது இந்த ஆண்டில் அந்த மரத்தின் கடைசிப் பூப்பு.

பால் பொங்கியது. அவள் தேநீர்த் தட்டோடு கூடத்துக்குச் சென்றாள். மாமனாருக்கு அவருடைய கருநீலச் சட்டையை அணிவித்திருந்தார்கள். தலைமாட்டில் அமர்ந்திருந்த அவருடைய தங்கை, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அண்ணனின் கடைசி இரவை முதலிலிருந்து சொன்னாள், மருமகள் குனிந்து தேநீர் கொடுத்தபோது கதையை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "காலையிலேருந்து பாக்கறேன், இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கல்லுதான்" என்றாள்.

"பாவம், வேலையா இருக்கா" என்றாள் அந்தப் பெண்.

"வேல யாருக்குத்தான் இல்ல?"

சமையலறைக்குத் திரும்பும் வழியில் அவள் கணவனை நிறுத்தினாள். அவன் கைப்பேசியைக் காதில் வைத்தபடி யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, கொல்லையில எனக்கு ஒரு வேலை இருக்கு. உங்க அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"அப்புறம் பேசலாம்மா" என்று அவன் கையால் சைகை காட்டினான். அவன் கண்கள் வீங்கியிருந்தன. "நேரா வாங்க சார், பள்ளிக்கூடம் தாண்டி லெஃப்ட்டு."

பின்னர் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. அவற்றை எங்கே போடுவது என்று அவளைத்தான் கேட்டார்கள். மாமனாரின் மூக்குக் கண்ணாடியைத் தேடச் சொன்னார்கள். யாரோ ஒருவர் குளியலறைக் குழாயைத் திருகி உடைத்துவிட்டு, "ஏற்கெனவே லூசாத்தான் இருந்துது" என்று அவளிடமே குறைப்பட்டுக்கொண்டார். சன்னல் வழியே வெயில் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. அது நகர நகர, உள்ளங்கையில் இருந்த குப்பி சூடேறுவதாக அவளுக்குத் தோன்றியது.

ஒருவழியாக, நாத்தனார் கழுத்தைப் பிடித்துவிடச் சொல்லி மகளோடு உள்ளறைக்குச் சென்ற நேரத்தில், அவள் பின்கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

மரத்தடியில் சமையலறை முக்காலி நின்றது. அவள் அதில் ஏறிக் கிளைகளை வளைத்துப் பார்த்தாள். இலைகள் இருந்தன, இலைக்காம்புகளின் இடுக்குகளில் பூக்கள் இல்லை. காம்பு கிள்ளப்பட்ட இடங்களில் பசை ஈரமாக இருந்தது. கைக்கு எட்டாத உச்சியில் மட்டும் மூன்று மொட்டுகள், நாளைக்கு விரியப் போகிறவை, வாய் மூடித் தொங்கின. அவளுடைய குப்பிக்குள் இருந்த தூள் நாளை வரை தாங்காது.

கூடத்துக்கு வந்தபோது அந்தப் பூக்கள் எங்கே போயின என்பது தெரிந்தது. தடித்த மூன்று இதழ்களோடு, பச்சையும் மஞ்சளுமான அந்த அழகற்ற பூக்கள் மாமனாரின் மார்பில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கணவன் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு பூவை நேராக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்களா பறிச்சீங்க?"

"ஆமா." அவன் நிமிர்ந்து பார்த்தான். "அந்த மரம்னா அவருக்கு உசுராச்சே. கடை மாலையெல்லாம் அவருக்குப் பிடிக்காது. நான் ஒரு நாளும் அவர்கூட அந்த மரத்துக்கிட்ட போய் நின்னதில்ல. இன்னிக்காவது..."

அவன் மறுபடியும் பூவை நேராக்கினான்.

"எல்லாத்தையுமா?"

"கைக்கு எட்டுனது எல்லாம்."

"புள்ளைன்னா இப்படில்ல இருக்கணும்!" என்று தலைமாட்டில் இருந்த அத்தை உரக்கச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். கூடம் முழுவதும் ஆமோதித்தது.

அவனைக் கடிந்துகொள்ள முடியாது. நீ பறித்தது பூவை அல்ல, உன் தந்தை உன்னிடம் வாங்கிய வாக்கை என்று அவனிடம் இப்போது எப்படிச் சொல்வது? அவள் சமையலறைக்குச் சென்று, குப்பியைக் கழுவுதொட்டியில் கவிழ்த்து, குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டாள். பிறகு கிடந்த தம்ளர்களையெல்லாம் ஒன்றோடொன்று மோதும்படி கழுவினாள்.

"சத்தம் கொஞ்சம் கம்மியா" என்றது உள்ளறையிலிருந்து நாத்தனாரின் குரல்.

பிற்பகலில் கூடம் புழுங்கியது. வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான்கு பேர் எழுந்து துண்டை இறுக்கிக்கொண்டனர். உலர்ந்த தம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அவள் கடந்து போகையில், நாத்தனார் தந்தையின் மேல் குனிந்து முகம் சுளிப்பதைக் கண்டாள்.

"யாரு இது, சட்டை மேல மாவக் கொட்டி வச்சிருக்கறது? நல்ல சட்டை! அந்த ஈரத்துணியக் குடுங்க, தொடைச்சிடறேன்."

கருநீலத் துணியின் மேல், ஒவ்வொரு பூவுக்குக் கீழேயும், வெளிறிய பொடி மெல்லிய படலமாக உதிர்ந்திருந்தது. பறிக்கப்பட்ட பின்னும் பூக்கள் தம் பொழுதை மறக்கவில்லை. மாலை நெருங்கியதும் அவை மாறியிருந்தன.

நாத்தனாரின் கையில் ஈரத்துணி வந்துவிட்டது.

"தொடாதீங்க!"

அன்று காலையிலிருந்து அந்த வீட்டில் அவள் உரத்துப் பேசிய முதற்சொல் அதுதான். அழுகைகூட நின்றுவிட்டது. அவள் தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, மாமனாரின் அருகில் மண்டியிட்டாள். சட்டையின் மடிப்பை இடக்கையால் மெல்லத் தூக்கி, வலக்கையின் விரல் நுனிகளால் அவருடைய மார்பை மேலிருந்து கீழாக நீவினாள். பொடி தம்ளரின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. மறுபடியும் நீவினாள். ஒவ்வொரு பூவாக எடுத்து, தம்ளரின் மேல் பிடித்து, நகத்தால் சுண்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"பாருங்க, மாமனார விட மனசு வரல பாருங்க" என்று அத்தை விம்மினாள். "கல்லுன்னு சொன்னேனே, என் வாய்தான் கல்லு. தடவித் தடவிக் குடுக்குறாளே!"

"மக இருந்தும் மருமகதான்" என்றாள் வேறொருத்தி. நாத்தனார் ஈரத்துணியைப் பிழிந்தபடி நின்றாள்.

கணவன் அவளுக்கு எதிரே வந்து அமர்ந்தான். தம்ளரையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன பண்ற?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"நீங்க பறிச்சதெல்லாம் இன்னிக்குக் காய்க்க வேண்டிய பூ." அவள் தலை நிமிரவில்லை. "அதோட தூள் இப்பதான் உதிருது. உச்சியில மூணு மொட்டு இருக்கு. காலையில விரியும். வேற பூ இல்ல."

அவன் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் காம்பின் பசை கறுத்து ஒட்டியிருந்தது. வாசலிலிருந்து யாரோ, "நேரமாச்சு, தூக்கலாமா?" என்று கேட்டார்கள்.

"பொறுங்க" என்றான் அவன். "அவ முடிக்கட்டும்."

நான்கு பேரும் கைகட்டி நின்றார்கள். அவள் கடைசிப் பூவைச் சுண்டிவிட்டு, தம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுந்தாள். வழிவிட்டு ஒதுங்கியவர்களில் ஒருத்தி அவள் மயங்கி விழுந்துவிடுவாளோ என்று தோளைத் தாங்கினாள்.

அவர்கள் அவரைத் தூக்கினார்கள். சட்டையில் எஞ்சியிருந்த வெளிறிய பொடிக்கு நடுவே, அவளுடைய விரல்கள் போன வழி மட்டும் கருநீலமாகத் தெரிந்தது.