கட்டுப் போட்ட முகம்

பேரணாம்பட்டில் அந்தப் படத்துக்குப் பேர் சத்தார். அரக்கோணத்தில் ரத்தினசாமி. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலையிலும் பாதி முகத்திலும் கட்டோடு, கையில் குவளையை ஏந்திச் சிரிக்கிற ஒரு சிப்பாய். அவன் உண்மையில் யார் என்று, அந்தப் படம் பதிந்த கண்ணாடித் தகட்டை மெட்ராசிலிருந்து கொண்டுவந்த ராமமூர்த்தி வாத்தியாருக்கே தெரியாது. ஜெர்மன் சண்டைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராய்ப் படம் காட்டிப் பேசுவது அவர் வேலை. தகட்டின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் லாந்தரைக் கொளுத்தித் தகடு மாற்றுவது என் வேலை.

ஆம்பூரில் வாத்தியார் சவரம் பண்ணிக்கொண்டே, "இந்த ஊர்லேர்ந்து சண்டைக்குப் போனவன் யாருப்பா?" என்று நாவிதரைக் கேட்டார்.

"தோல் பதனிடுற ஷாப்புல இருந்த ஷபீ அஹமது..."

பேர் கிடைத்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். நாவிதர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கேட்க இவருக்கு ஏது பொறுமை!

சாயங்காலம் தோல் ஷாப் மதிலில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினோம். கட்டுப் போட்ட முகம் வந்ததும் வாத்தியார் குரலை உயர்த்தினார்.

"யாருன்னு தெரியுதா? உங்க ஷபீ அஹமது! பஸ்ரா ஆஸ்பத்திரியில ராஜா மாதிரி இருக்கான். தோஸ்துங்களையெல்லாம் வரச் சொல்றான்!"

மற்ற ஊர்களில் இந்த இடத்தில் கை தட்டுவார்கள். இங்கே பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தாயின் அலறல் வந்தது. "என் பேட்டா!"

"இன்னாங்க இது? போன வருஷமே அவன் செத்துட்டான்னு தந்தி வந்துச்சே" என்றார் என் பக்கத்தில் நின்றவர். "அவன் பொண்டாட்டி ஷஹீன் பானுவுக்கும் அப்துல் வஹீதுக்கும் வர்ற வெள்ளிக்கிழமை நிக்காஹ்."

அந்த வஹீத் எழுந்து நின்றான். ஷபீயோடு ஒரே தொட்டியில் தோல் ஊறப்போட்டவன். "என் தோஸ்த் உசிரோட இருக்கானா? அப்போ நிக்காஹ் ஏது?" என்றான். திரைக்குப் பின்னாலிருந்து ஷஹீன் பானுவின் குரல் வந்தது. "போய் அவரைக் கூட்டிட்டு வாங்க."

அன்றைக்குப் பட்டாளத்துக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்தவன் வஹீத். அவன் பின்னால் ஒரு கூட்டமே வரிசையில் நின்றது.

"வாத்தியாரே, செத்தவன் பேரைச் சொல்லிட்டீங்க. நெஜத்தைச் சொல்லிடுங்க" என்று கெஞ்சினேன். அவர் முகமும் ஒரு கணம் வெளுத்தது. பிறகு வரிசையைப் பார்த்தார்.

"ஜெர்மன்காரன் மட்டும் நெஜமா பேசுறான்? சண்டைன்னா இதுவும் சண்டைதான். வாயை மூடு, பச்சையப்பா."

அன்று ராத்திரி அவரோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்துவிட்டேன்.

விடிந்ததும் வஹீதைத் தடுக்க ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டி போய்விட்டிருந்தது. தகட்டை எடுத்துக்கொண்டு ஷபீ வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஜஹீருன்னிசா வாசலில் நின்று, போவோர் வருவோருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார். என் உள்ளங்கையிலும் ஒரு பிடி வைத்தார். அதைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இதே தகடுதான் பேரணாம்பட்டில் சத்தார் ஆனது என்பதையும் சொன்னேன்.

அவர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முத்தம் கொடுத்தார்.

"பேரணாம்பட்டுல சொன்னதுதான் பொய். இது என் புள்ளப்பா."



கதவுத் திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. ஷஹீன் பானு தகட்டை வாங்கினாள்.

"குவளையைப் புடிச்சிருக்கிற விரலுங்க அவரோடது இல்ல" என்றாள். "அண்ணா, அப்போ நான் வஹீதை யாரைக் கூட்டிட்டு வர அனுப்பினேன்?"