விளக்குமாறு இன்னும் வரவில்லை

பதினோரு வருஷம் ஓட்டப் பந்தயத்தில் முதல் ஆளாக வந்தவன் முதுகில் விளக்குமாற்றைக் கட்டினால் அவன் முகம் எப்படி இருக்கும்? எலாடியோவின் முகம் அப்படித்தான் இருந்தது. சுருங்கச் சொன்னால், பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் மாதம் அவனுக்குக் கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது. மெதுவாக ஓடலாம், வேகம் மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோரெமுவேலா ஊரின் ஜூன் மாதப் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் வேகம் தேவைப்படாத வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. கடைசி ஆளுக்குப் பின்னால் ஓட வேண்டும். அப்படி ஓடுகிறவன் முதுகில் நிஜ விளக்குமாறு ஒன்றைத் தலைக்கு மேல் தெரிகிற மாதிரி நிமிர்த்திக் கட்டிவிடுவார்கள். சாலையைக் கூட்டிக்கொண்டே வருகிறான் என்று கணக்கு. விளக்குமாறு தாண்டிப் போனால் அந்த இடத்தில் பந்தயம் முடிந்தது. தண்ணீர் மேசையை மடிக்கலாம், தடுப்பை எடுக்கலாம், முடிவுக்கோட்டில் காற்றடித்து நிறுத்திய வளைவையும் இறக்கிவிடலாம்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்கப்பா. சாம்பியன் பழக்கதோஷத்துல பறந்துடப் போறான்" என்றான் கோயோ. மருந்துக்கடைக்காரன். பந்தயத்தை நடத்துவதும் அவன்தான், ஒலிபெருக்கியில் கத்துவதும் அவன்தான்.

"ரொம்பத்தான் சிரிக்காத. அடுத்த வருஷம் இதே கட்டையால உன்னைச் சாத்துறேன்" என்றான் எலாடியோ.

இருந்தாலும் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. காரணம் அந்த வேன். ஊரில் ஆறு பேருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார்கள். அவர்களைச் சுமக்கிற வேன் கிழடு தட்டிவிட்டது. புது வேன் வாங்கப் பணம் திரட்டத்தான் இந்த வருஷத்துப் பந்தயம். அந்தக் கிழட்டு வேனே, ஓட முடியாமல் நின்றுவிடுகிறவர்களை ஏற்றிக்கொள்ள, எலாடியோவுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டுகிறவள் அம்பாரோ. ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறவளும் அவள்தான்.

பத்து மணிக்கு நானூறு பேர் கிளம்பினார்கள். பத்தேகாலுக்கு எலாடியோவின் முன்னால் ஒரே ஒரு முதுகு மிச்சமிருந்தது. ஒப்துலியாவின் முதுகு. வயது அறுபத்தொன்று, சந்தையில் மீன்கடை. வாயைத் திறந்தாளென்றால் நாலு தெருவுக்குக் கேட்கும். புருஷனுடைய பழைய பனியனைப் போட்டிருந்தாள். அது அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது.

"ஏன் தம்பி, நாள் பூரா என் முதுகையே பாத்துக்கிட்டு வர்றியே, உனக்கு அலுக்கலையா?"

"என்னக்கா செய்ய, தலையெழுத்து."

"பாத்துக்கோ, பாத்துக்கோ. பதினோரு வருஷமா உன் முதுகையே பாத்துட்டு ஓடினவங்க வயித்தெரிச்சல் சும்மா விடுமா?"

எலாடியோவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கால் கேட்க வேண்டுமே! மாட்டுவண்டி வேகத்தில் ஓடிப் பழகாத கால். நாலாவது கிலோமீட்டரில் சாலை சரிவாக இறங்கியது. காற்று முகத்தில் அடித்தது. மூன்று மாதமாகக் கட்டிப்போட்டிருந்த மனுஷன். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அவளைத் தாண்டி, சரிவையும் தாண்டி, ஐந்தாவது கிலோமீட்டர் தண்ணீர் மேசையையும் தாண்டி வெகுதூரம் போய்விட்டான்.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தான். சாலையில் ஒருத்தருமில்லை. "அட முட்டாளே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி ஓடினான். அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. மேசை போட்டிருந்த பெண்கள் விளக்குமாறு போவதைப் பார்த்ததும் மிச்சத் தண்ணீரையெல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டு, மேசையை மடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள்மேல் என்ன குற்றம்? விதிப்படிதான் செய்திருக்கிறார்கள்.

ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள் ஒப்துலியா. உதடு வெடித்திருந்தது. சாலையோரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. கால் தன்னால ஓடிடுச்சு."

"உன் கால்ல கொள்ளி வைக்க! முன்ன வர்றவன் சீமான், அவனுக்கு மட்டும்தான் தொண்டை காயும். பின்ன வர்றவளுக்குத் தொண்டையே கிடையாதா?"

அம்பாரோ வேனிலிருந்து இறங்கி வந்து தன்னுடைய தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தாள். ஒப்துலியா மடமடவென்று குடித்து முடித்தாள்.

"அக்கா, வெயில் ஏறுது. வேன்ல ஏறிக்கோங்க. பாதி தூரம் ஓடினதே பெரிசு" என்றான் எலாடியோ தயங்கித் தயங்கி.

ஒப்துலியா அம்பாரோவைப் பார்த்தாள். "இவன்கிட்ட நீ சொல்லலையா?"

"நான் எதுக்குச் சொல்றேன், உங்க வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயம்தான்." ஒப்துலியாவின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "என் வீட்டு மனுஷன் நாளையிலேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாராம். போதும்ங்கிறாரு. ஊசி குத்தக் கையில இடமில்லையாம். டாக்டர் சொல்லிட்டாரு, நிறுத்தினா ரெண்டு வாரம் தாங்காதுன்னு. நானும் அழுதேன், கத்தினேன், சாப்பாடு போடாமக்கூடப் பாத்தேன். அசையல. போன மாசம் சொன்னேன்: காசிமிரோ, பஸ்ஸுக்குக்கூட ஓடாதவ நான். உன் பந்தயத்துல பத்து கிலோமீட்டரும் என் கால்ல வந்து சேந்துட்டா நீ ஆஸ்பத்திரிக்குப் போகணும். வரமுடியலைன்னா உன் இஷ்டம், நான் வாயே திறக்கமாட்டேன்னு. மனுஷன் சிரிச்சுட்டாரு. சரி, பந்தயம் வரைக்கும் போறேன்னு கை அடிச்சாரு. இப்ப நான் வேன்ல போய் இறங்கவா? சொல்லு தம்பி, இறங்கவா?"

காசிமிரோ யாரென்று எலாடியோவுக்குத் தெரியும். அவனோடு பல வருஷம் ஓடியவர், ஐம்பது நிமிஷத்தில் முடிக்கிறவர். ரெண்டு வருஷமாக ஆளைக் காணோமே என்று அவன் ஒரு தடவையாவது யோசித்தானா என்றால், இல்லை.

"எந்திரிங்கக்கா. இனிமே உங்க முதுகைத் தாண்டினா என்னைச் செருப்பால அடிங்க" என்றான்.

அவள் எழுந்தாள். இரண்டு மின்கம்ப இடைவெளி ஓட்டம், ஒரு கம்பம் நடை. மறுபடியும் இரண்டு ஓட்டம், ஒன்று நடை. ஓட்டம் என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். எலாடியோ நடந்தாலே அதற்கு ஈடுகொடுத்துவிடலாம். ஆனால் ஒரு கம்பத்தைக்கூட அவள் ஏமாற்றவில்லை. மூச்சு இரைத்தாலும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாலும், ஓட வேண்டிய கம்பத்தில் ஓடினாள். தன்னைப் போன்றவர்கள்தான் வலி பொறுக்கிற சூரர்கள் என்று எலாடியோ இத்தனை காலம் நினைத்திருந்தான். அவன் வலி பொறுத்தது முப்பத்தைந்து நிமிஷம். இவள் ஒன்றேகால் மணி நேரமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். பரிசுப் பன்றித்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட உட்காருகிற நேரத்தில், இந்தச் சாலையில் இப்படி ஆட்கள் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் கடைசி ஆள் யாரென்று அவன் நின்று பார்த்ததேயில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது அவனை.

கல்லறைத் தோட்டத்து மேட்டின் பாதியில் போன் அடித்தது. கோயோ. அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல். எலாடியோ போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்கடா இருக்க? பதினொன்னு இருபத்தஞ்சு ஆச்சு. பதினொன்றரைக்கு ரோட்டைத் திறந்துவிடணும். போலீஸ்காரர் என் கழுத்துல உக்காந்திருக்காரு. அக்காவை வேன்ல ஏத்து. நீ ஒரு அழுத்து அழுத்தி விளக்குமாறைக் கொண்டு வந்து சேரு. கதையை முடிச்சுடலாம்."

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு."

"அதான் சொல்றேன். இங்க காசிமிரோ வேற வெயில்ல நிக்கிறாரு. நாற்காலி போட்டா உக்காரமாட்டேங்கிறாரு. விழுந்து வச்சா யார் பதில் சொல்றது?"

ஒப்துலியா சட்டென்று நின்றாள். "நிக்கிறாரா?" போனைப் பார்த்துக் கத்தினாள். "யாராச்சும் பிடிச்சிருக்காங்களா?"

"யாரும் பிடிக்கல அக்கா. அவரேதான்."

"கழிப்பறைக்கும் வேனுக்கும் தவிர அந்த மனுஷன் நாலு மாசமா எந்திரிச்சதில்லை" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பனியன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தாள். அது நடக்க வேண்டிய கம்பம். அவள் ஓடினாள்.

"என்னடா, கேக்குதா? கொண்டு வர்றியா இல்லையா?" என்றான் கோயோ.

"கோயோ, விளக்குமாறு யார் முதுகுல இருக்கு?"

"உன் முதுகுல."

"அது கோட்டைத் தாண்டினாத்தானே பந்தயம் முடியும்? நீ போட்ட விதிதானே?"

"டேய், விளையாடாத. அபராதம் போடுவாங்கடா."

"என் பேருல போடச் சொல்லு. போலீஸ்காரர் கேட்டா விளக்குமாறு இன்னும் வரலைன்னு சொல்லு. வளைவுலேர்ந்து யாராவது காத்தைப் பிடுங்கினீங்க, மருந்துக்கடைக்குள்ள வந்து உதைப்பேன்."

போனை அணைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் ஓடினான். பின்னால் அம்பாரோ ஹாரனை இரண்டு தடவை அடித்தாள். அது சபாஷ் என்று அர்த்தம்.

கடைசிக் கிலோமீட்டரில் நெடுஞ்சாலை முக்கில் ஒரு பஸ்ஸும் ஏழெட்டுக் கார்களும் நின்றன. போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டி மறித்திருந்தார். மனுஷன் நல்லவர்தான் போலிருக்கிறது. ஒரு கார்க்காரன் தலையை நீட்டி, "இதுக்குப் பேரு ஓட்டமா?" என்றான்.

"இறங்கி வந்து ஓடிக் காட்டுடா, தொப்பை!" என்றாள் ஒப்துலியா, மூச்சு இல்லாத நேரத்திலும். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சதுக்கத்தில் ஆட்டிறைச்சிக் குழம்பும் ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தட்டோடு எழுந்து வந்தது ஜனம். இந்த வருஷம் முதலாக வந்த பையன்கூடப் பரிசுத் தொடைக்கறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அவ்வளவு கூட்டத்திலும் ஒப்துலியா ஒரே இடத்தைத்தான் பார்த்தாள். வளைவின் ஓரம், கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒல்லியாக, மஞ்சள் பூத்த முகத்தோடு காசிமிரோ நின்றுகொண்டிருந்தார். இரண்டு முழங்காலும் நடுங்கின. அவள் கோட்டைத் தாண்டினாள்.

"ஒரு மணி அம்பத்திரெண்டு நிமிஷம். இவ்வளவு நேரத்துல நான் ரெண்டு தரம் ஓடியிருப்பேன்டி" என்றார்.

கல்யாணமான நாள் முதல் இன்றுதான் ஒப்துலியா வாயடைத்து நின்றாள் என்று நினைக்கிறேன். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"வாடா எலாடியோ, வந்து முடி!" என்று ஒலிபெருக்கியில் கத்தினான் கோயோ. எலாடியோ கோட்டுக்கு ஐந்தடி முன்னால் நின்றுவிட்டான்.

காசிமிரோவின் சட்டையில் ஓர் எண் குத்தியிருப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். பூஜ்யம். ஓட முடியாதவர்கள் பணம் மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்கிற எண் அது. ஊரில் நூறு பேராவது வாங்குவார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நிற்கிறவர்கள் கிடையாது.

"காசிமிரோண்ணே, பந்தயம் இன்னும் முடியல. கோடு திறந்துதான் கெடக்கு. வர்றீங்களா?"

காசிமிரோ அவனை முறைத்தார். "கிண்டல் பண்றியா?"

"சத்தியமா இல்லண்ணே. நான் கடைசியா வர்றவன். யாராச்சும் முன்ன போகணும்."

கயிற்றைத் தூக்கிவிட ஒருவன் ஓடினான். அவரே தூக்கிக் குனிந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தார். பிடிக்கப் போன எலாடியோவின் கையைத் தட்டிவிட்டார். ஐந்தடி தூரத்தை ஒரு நிமிஷம் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒப்துலியாவின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அவர் கோட்டைத் தாண்டியதும் கோயோ வழக்கம்போல ஆளின் பெயரைச் சொல்லப் பட்டியலைப் பார்த்தான். அந்த எண்ணுக்கு எதிரே பெயரே இல்லை. "பூஜ்யம்!" என்று கத்தினான். "பூஜ்யம் வந்து சேந்துட்டாரு! நம்ம காசிமிரோ!" சதுக்கம் முழுக்கத் தட்டையும் கரண்டியையும் தட்டி ஆர்ப்பரித்தது. எலாடியோ அந்தச் சத்தத்துக்குள் கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினான். அவன் அழுதுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நாற்காலி வந்தது. காசிமிரோ அதில் ஒப்துலியாவைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வேனை நிறுத்திவிட்டு வந்த அம்பாரோ பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வர்ற?"

"எப்பவும் போல ஆறரைக்கு."

"ஆறே காலுக்கு வா. நான் கீழ வாசல்ல நிக்கிறேன்" என்றார்.